தலைவரும் நான்கு கூட்டாளிகளும்

எனக்கு வாய் நீளம். எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அந்த வாயை வைத்துத்தான் பதினெட்டு வருடமாக ஒரு மிஷன் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். சனி, ஞாயிறுகளில் பட்டிமன்றம் பேசுகிறேன். கோயில் திருவிழா, வியாபாரிகள் சங்கப் பொங்கல், பள்ளி ஆண்டுவிழா என்று மதுரையைச் சுற்றி எங்கே மேடை போட்டாலும், பாட்டுக் கச்சேரிக்கு வசதிப்படாதவர்கள் எங்களைக் கூப்பிடுவார்கள்.

பட்டிமன்றக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பக்கம் பேசுவது என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. நடுவர் போனில் தலைப்பைச் சொல்லி, "நீங்க இந்த அணிம்மா" என்பார். சரி என்போம். போன வாரம் மாமியார்தான் பாவம் என்று கண் கலங்கப் பேசியிருப்பேன். இந்த வாரம் மருமகள்தான் பாவம் என்று அதைவிட நன்றாகக் கலங்குவேன். மேடையில் தொண்டை கிழிய மோதிக்கொள்வோம். இறங்கியதும் ஒரே வேனில் ஏறி, ஒரே கடையில் பரோட்டா தின்று, ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு வீடு திரும்புவோம். மேடையில் பேசியது மேடையோடு சரி. இதில் ஒரு தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

என் தம்பி எனக்கு ஒன்பது வயது இளையவன். ஏசி மெக்கானிக். வீட்டுக்கு வந்த பேச்சு மொத்தத்தையும் நானே எடுத்துக்கொண்டேன், அவனுக்கு மிச்சம் வைக்கவில்லை என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். அத்தனை அமைதி. ஆனால் நான் பேசும் இடத்துக்கெல்லாம் வருவான். முன் வரிசையில் உட்கார்ந்து முதல் ஆளாகத் தட்டுவான். சில சமயம் நான் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே தட்டிவிடுவான். "முடிச்ச பிறகு தட்டுடா" என்று திட்டினால், "நீ எப்ப முடிப்பன்னு யாருக்குக்கா தெரியும்?" என்பான்.

செல்லூரில் பெண் கட்டினான். தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு சந்துக்குள் வாடகைக்குக் குடியிருந்தார்கள். மகள் பிறந்து நான்கு வருடம் கழித்து, சொந்தமாக இரண்டு அறை கட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லி வெளிநாடு போனான். எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. அங்கே கொல்லப்பட்ட தலைவரின் பெயரையும், கொன்ற அரசாங்கத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்கள் உடனே ஆளுக்கொரு அணியில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி உட்கார வைப்பதுதானே என் தொழில், எனக்குத் தெரியாதா?

பரவையில் காய்கறி மார்க்கெட் வியாபாரிகள் ஒரு பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். எங்கோ குண்டு வெடித்துப் பிள்ளைகள் செத்துப்போன செய்தியைப் பார்த்து எல்லோரும் கொதித்துப்போயிருந்த நேரம். வழக்கமான மாமியார், மருமகள் வேண்டாம், சூடாக ஒரு தலைப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தீவிரவாதத் தலைவர்களைத் தேடிப் பிடித்துக் கொல்வது சரியா, தவறா என்பது தலைப்பு. எனக்கு 'சரி' அணி.

எதிர் அணியில் பேசியவர் வங்கியில் வேலை பார்ப்பவர், நல்ல மனிதர். "அந்தத் தலைவன் வீட்டுல குண்டு போடுறீங்க. அவனுக்குச் சமைச்சுப் போடுறவன் இருப்பான், காய்கறி கொண்டு போறவன் இருப்பான். அவன் என்ன பாவம் செஞ்சான்?" என்று கேட்டார். மார்க்கெட்காரர்கள் ஆயிற்றே, காய்கறி என்றதும் தட்டிவிட்டார்கள். கூட்டம் அவர் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தது. நான் மைக்கைப் பிடித்தேன்.

"ஐயா, முதலைக் குளத்துக்குள்ள டிபன் கேரியரைத் தூக்கிட்டு ஒருத்தன் இறங்குறான்னா, ஒண்ணு அவன் முதலைக்குச் சொந்தக்காரனா இருக்கணும். இல்லைன்னா முதலைக்கே டிபனா இருக்கணும். எப்படிப் பார்த்தாலும் அவனுக்காக அழ நமக்கு நேரமில்லை!"

பந்தல் அதிர்ந்தது. கேள்வி கேட்ட வங்கிக்காரரே சிரித்துவிட்டார். நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தீர்ப்பு எங்கள் பக்கம். அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி யாரோ யூடியூபில் போட, ஒரு வாரத்தில் எங்கள் பள்ளி வாட்ச்மேன்கூட என்னைப் பார்த்து, "முதல டீச்சர் வாராங்க" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தம்பி குரல் பதிவு அனுப்பினான். அதை இன்னும் வைத்திருக்கிறேன். "யக்கா, முதல சூப்பரு. ரூம்ல அம்புட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. மலையாளத்துக்காரப் பயலுக்கு நான்தான் அர்த்தம் சொன்னேன்." அதற்குப் பிறகு கொஞ்சம் இடைவெளி. பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். "ஆனா ஒண்ணுக்கா. நாங்க எந்த வீட்டுக்குப் போறோம்னு எங்களுக்கே தெரியாது. நம்பர் குடுப்பாங்க, போவோம். குளத்துல முதல கிடக்குன்னு எவன் போர்டு வச்சிருக்கான்?"

வாழ்நாளில் அவன் என்னை மறுத்துப் பேசியது அந்த ஒரு முறைதான். நின்று யோசித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? எதிர் அணிக்காரர் ஒரு கேள்வி போட்டால் உடனே பதில் போட்டுப் பழகிய கை. "உன்னய எந்த முதலடா கடிக்கப் போகுது? கடிச்சாலும் ஸ்பானர்தான் பல்லுல மாட்டும்" என்று அனுப்பினேன். சிரிக்கிற பொம்மை ஐந்து வந்தது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எட்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மதிய இடைவேளை. ஆசிரியர் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கணக்கு டீச்சர் போனைப் பார்த்து, "போட்டுட்டாங்கப்பா" என்று கத்தினார். ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு பெரிய தலைவர். அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி, சரியாக அந்த ஒரு வீடு மட்டும். தலைவரும் அவருடைய கூட்டாளிகள் நான்கு பேரும் கொல்லப்பட்டார்கள் என்று செய்தி. அந்த ஆள் எத்தனை பேரின் சாவுக்குக் காரணம் என்று எங்களுக்குத் தெரியும், சந்தோஷப்பட்டோம். "டீச்சர், பரவையில நீங்க பேசுனது அவங்க காதுல விழுந்துருச்சு போல" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தச் செய்தியைத் தம்பிக்கு அனுப்பினேன். அது அவன் இருக்கும் ஊர். 'உங்க ஊர்ல ஒரு முதல காலி' என்று எழுதினேன்.

ஒற்றை டிக் விழுந்தது. வேலையில் இருப்பான் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதும் ஒற்றை டிக். மறுநாள் காலை பிரேயர் மணி அடிக்கும்போதும் ஒற்றை டிக்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் அவனோடு அறையில் தங்கியிருந்த தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் கூப்பிட்டான். என்னை அக்கா என்றுதான் அழைத்தான். அழுததில் முதலில் எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்த மூன்றாவது மாடி வீட்டின் கூடத்தில் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று கம்பெனிக்குப் போன் வந்திருக்கிறது. வேலைச் சீட்டில் கட்டட நம்பர், வீட்டு நம்பர், என்ன கோளாறு என்பது மட்டும்தான் எழுதியிருக்கும். ஏணியையும் பையையும் எடுத்துக்கொண்டு தம்பி போயிருக்கிறான். "யாரு வீடுன்னு நாங்க கேக்க மாட்டோம்க்கா. கேட்டா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க" என்றான் அந்தப் பையன். நான்கு கூட்டாளிகளில் ஒருவன் என் தம்பி.

செல்லூருக்குப் போய் அவன் மனைவியிடம் நான்தான் சொன்னேன். அத்தனை மேடை ஏறியவளுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. "தம்பி..." என்று ஆரம்பித்து வாசலிலேயே நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

உடல் வர இருபத்து மூன்று நாள் ஆனது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மதுரை விமான நிலையத்தில் வாங்கி, செல்லூர்ச் சந்துக்குள் வண்டி நுழையாததால் முனையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, அரை மணி நேரம் வைத்திருந்து, தத்தனேரிச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனோம். உள்ளே இருப்பது அவன்தானா என்று அவன் மனைவி ஒரு முறை கேட்டாள். அவன் மகள் பெட்டி மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் அப்பா பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் அந்த இயக்கத்துக்குப் புதுத் தலைவர் வந்துவிட்டார். போட்டோவோடு செய்தி வந்தது. ஒருவன் போனால் இன்னொருவன் வந்து உட்காருவான் என்பது எதிர் அணியின் வாதம். பரவையில் நானே அதைக் கேட்டு, பதிலும் சொல்லி மடக்கியிருக்கிறேன். அந்த நாற்காலிக்கு ஆள் வந்துவிட்டது. இந்த வீட்டில் ஏணியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போக யார் வருவார்?

காரியம் முடிந்த வாரம், மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் செல்லூர் வீட்டுக்கு வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். கொல்லப்பட்ட கூட்டாளிகள் பட்டியலில் இவன் பெயர் இருப்பதால் விசாரித்து எழுத வேண்டும் என்றார்கள். யாரோடெல்லாம் பழக்கம், ஏதாவது கூட்டத்துக்குப் போவாரா, என்ன புத்தகம் படிப்பார். "டேபிள் ஃபேன் கூட வந்த புஸ்தகத்தைத் தவிர அவரு எதுவும் படிச்சதில்ல சார்" என்றாள் அவன் மனைவி. எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"மேடம், நீங்க பட்டிமன்றம் பேசுறவுகதான? எங்க வீட்டுல உங்க பேச்சுன்னா உசுரு. அந்த முதல, டிபன் கேரியரு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். எங்கே உட்கார்ந்து யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்துவிட்டது. பேனாவை மூடினார், திறந்தார். "மன்னிச்சுக்கங்க மேடம்" என்றார். டீயைக்கூடக் குடிக்காமல் இருவரும் எழுந்து போனார்கள். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் செய்த தப்பு என்ன? நன்றாக இருந்ததை நன்றாக இருந்தது என்றார்.

டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள் தம்பி மனைவி. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு எனக்கு அந்த அணிதாம்மா குடுத்தாங்க" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"நானுந்தான் சிரிச்சேன் மதினி" என்றாள். "அவருகூட வீடியோ கால்ல இருந்தப்பதான் போட்டுக் காட்டுனாரு. ரெண்டு பேரும் சேந்துதான் சிரிச்சோம்."

திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். 'கூட்டாளி' என்கிற அந்த வார்த்தை போக வேண்டும். மகள் வளர்ந்து அப்பா பெயரைப் போட்டுத் தேடினால் அதுதான் முதலில் வரும் என்று பயந்தாள். சந்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூர்ப் பையன் அனுப்பிய வேலைச் சீட்டின் போட்டோவைப் பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு நான் அலைந்தேன். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனுநாளில் மூன்று வாரம் வரிசையில் நின்றேன்; மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த உதவி ஆசிரியர் சீட்டை இரண்டு முறை படித்தார். "மதுரை இளைஞர் பலின்னு உள்ளூர்ப் பக்கத்துல போடுறோம் மேடம். ஆனா கூட்டாளி இல்லைன்னு நாங்க எப்படிச் சொல்றது? கொன்னவங்கதான் சொல்லணும்" என்றார். கொன்றவர்களுக்கும் எழுதினேன். தூதரகத்தின் வழியாக, ஆங்கில டீச்சரை வைத்து, கெஞ்சி, ஒரு பக்கத்துக்கு. அவர்களுக்கு என் தம்பி ஒரு எண்ணிக்கை. எண்ணி முடித்ததை எதற்காகத் திரும்ப எண்ணப் போகிறார்கள்?

ஒரு வருடம் போல ஆகியிருக்கும். நடுவர் போன் செய்தார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும், துக்கத்துக்கு வந்தவர். பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிறு பகலில் பட்டிமன்றம், அதே தலைப்பைக் கேட்கிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "இந்தத் தடவ நீங்க எதிர் அணிம்மா. இஷ்டமிருந்தா. நீங்க உங்க வாயால சொன்னா எல்லாருக்கும் போய்ச் சேரும். வீடியோவும் எடுக்குறாங்க."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தம்பி மனைவியிடம் சொன்னபோது அவள், "பேசுங்க மதினி" என்றாள். "அவரு வேலைக்குத்தான் போனாருன்னு நாலு பேரு கேக்கட்டும். அந்த வீடியோ எம்புட்டுப் பேரு பாத்தாக. இதையும் பாக்கட்டும்." எங்களுக்கு வேறு எந்தக் கதவும் திறக்காதபோது இது ஒன்றுதான் இருந்தது.

மகளையும் கூட்டிக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள். மண்டபம் நிறைந்திருந்தது. எனக்கு முன்னால் பேசிய பெண் கல்லூரிப் படிப்பை முடித்த புதுமுகம், நல்ல பேச்சு. தலையை எடுத்தால் உடம்பு தானாக விழும் என்று புள்ளி புள்ளியாக அடுக்கினாள். அவளுக்கு என் கதை தெரியாது.

நான் எழுந்தேன். எழுதி வைத்திருந்த காகிதத்தைத் தொடவில்லை. "எனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்று ஆரம்பித்தேன். அவன் முன்கூட்டியே கைதட்டுவதைச் சொன்னேன், லேசாகச் சிரித்தார்கள். முதலைப் பேச்சையும் மறைக்கவில்லை. நான்தான் பேசினேன் என்றேன். மண்டபம் அடங்கியது. வேலைச் சீட்டைச் சொன்னேன். "வீட்டு நம்பர் இருக்கு, யார் வீடுன்னு இல்லை. தண்ணி சொட்டுதுன்னு இருக்கு, வானத்துல என்ன சுத்துதுன்னு இல்லை. ஏணியைப் போடுறான். ஏறுறான். மூடியைக் கழட்டிக் கையில வச்சிருக்கான். அந்த நேரத்துல..."

அந்த இடத்தில் நிறுத்தினேன். தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு மண்டபம் முழுக்கத் தட்டினார்கள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார்கள். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். அது ஓய்ந்த பிறகு மீதியைச் சொன்னேன். "அவன் யாருக்கும் கூட்டாளி இல்லை. ஏசி ரிப்பேர் பார்க்கப் போனவன்" என்று முடித்தேன். அதற்கும் தட்டினார்கள்.

தீர்ப்பில் நடுவர் என் தம்பிக்காக எல்லோரையும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் சொன்னார். பிறகு உட்காரச் சொல்லி, ஆனாலும் நாட்டின் பாதுகாப்பு என்று வரும்போது தலைவர்களை விட்டு வைக்க முடியாது, ஆகவே சரி என்கிற அணியே வென்றது என்றார். தீர்ப்பு முன்பே முடிவான ஒன்று. விழா நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டதாக இருக்கும். அவருக்கு அதுதான் வழக்கம், எனக்கும் தெரிந்த வழக்கம். பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் புதுமுகப் பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

செல்லூருக்கு ஆட்டோவில் போனோம். வெயில். பாலத்தில் வண்டிகள் தேங்கி நின்றன. மகள் நடுவில் உட்கார்ந்து பொன்னாடையின் சரிகையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தோற்றுப்போனது அவளுக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"மதினி" என்றாள். "அவரு போனதுலேர்ந்து எனக்குச் சரியா அழுகையே வரல. பெட்டியப் பாத்தப்பகூட வரல, அதுக்குள்ள அவருதான் இருக்காருன்னு மனசு நம்பல. இன்னைக்கு, மூடியக் கையில வச்சிருக்கான்னு சொல்லிட்டு உங்களுக்குத் தொண்ட அடச்சு நின்னுட்டீகல்ல, அப்பதான் அவரு செத்துட்டாருன்னு நம்புனேன். அப்பதான் அழுதேன்."

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "உங்களால மேக்கொண்டு பேச முடியாதுன்னு நினைச்சேன் மதினி. எப்புடித்தான் பேசுனீகளோ."

"ஆமாம்மா, தொண்டை அடைச்சிருச்சு" என்றேன்.

என் தொண்டை அடைக்கவில்லை. இத்தனை வருடப் பழக்கம். அந்த இடத்தில் நிறுத்தினால் தட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் நிறுத்தினேன்.